நாற்பது பக்க விண்ணப்பமும் ஒரு பக்கக் கடிதமும்

கேள்வி:

திருவள்ளூர் மாவட்டத்தில், ஊத்துக்கோட்டையைச் சுற்றியுள்ள செங்கல் சூளைகளில் வேலை செய்யும் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக ஐந்து கற்றல் மையங்கள் நடத்தும் சிறிய அறக்கட்டளை எங்களுடையது. மழை ஓய்ந்ததும் டிசம்பரில் குடும்பங்கள் வந்து இறங்கும். ஜூனில் ஊர் திரும்பும். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்து இருளர் குடும்பங்களும் உண்டு, ஒடிசாவின் பலாங்கீரிலிருந்து வருபவர்களும் உண்டு. மொத்தம் 140 பிள்ளைகள். பாதிப் பேர் நடுவில் பள்ளியை விட்டுவிட்டு வந்தவர்கள். அவர்கள் ஊர் திரும்பும்போது, ‘இந்தப் பிள்ளை இத்தனை நாள் எங்களிடம் படித்தது, இதுவரை வாசிக்கத் தெரியும்’ என்று அந்தந்த ஊர்த் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கிறோம். அதைப் பார்த்துப் பலரை அடுத்த வகுப்பில் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதுவரை உள்ளூர் நன்கொடையில் ஓட்டினோம், இனி முடியாது. சி.எஸ்.ஆர். நிதி, அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணம் கேட்டு, கம்பெனிகளுக்கு அனுப்பிய விண்ணப்பங்களுக்குப் பதிலே வரவில்லை. எங்கள் ஆங்கிலம்தான் காரணமா? ஒருவர் நன்றாக எழுதித் தருவதாகவும், நிதி கிடைத்தால் 10 சதவீதம் கொடுத்தால் போதும் என்றும் சொல்கிறார். கொடுக்கலாமா? நிர்வாகச் செலவை 5 சதவீதத்துக்கு மேல் காட்டக் கூடாதாமே? வெளிநாட்டு நிதி பெறும் பெரிய நிறுவனம் ஒன்றின் வழியாக எங்களுக்குப் பணம் வாங்க முடியுமா? கடைசியாக அனுப்பிய விண்ணப்பத்தை இணைத்திருக்கிறேன்.

— ஓர் அறக்கட்டளைச் செயலாளர், திருவள்ளூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு,

நீங்கள் இணைத்திருந்த 40 பக்கங்களையும் படித்தேன். உங்கள் கடிதத்தையும் படித்தேன். கடிதம் நன்றாக இருக்கிறது. விண்ணப்பத்தை அனுப்புவதற்குப் பதிலாக இந்தக் கடிதத்தையே அனுப்பியிருந்தால் யாராவது ஒருவர் தொலைபேசியிலாவது கூப்பிட்டிருப்பார்.

மிகைப்படுத்தவில்லை. ஒரு கம்பெனியின் சி.எஸ்.ஆர். பிரிவில் உட்கார்ந்து விண்ணப்பங்களைப் பிரித்துப் படிப்பதுதான் பல ஆண்டுகள் என் வேலை. இப்போது எதிர்ப்பக்கத்தில் இருந்துகொண்டு தொண்டு நிறுவனங்களுக்கு எழுத உதவுகிறேன். உங்கள் விண்ணப்பத்தில் முதல் ஒன்பது பக்கங்கள் நிறுவனர் வரலாறு, தொலைநோக்கு, ஐக்கிய நாடுகள் சபையின் 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் உங்கள் வேலை எவற்றுக்கெல்லாம் பொருந்துகிறது என்ற அட்டவணை. செங்கல் சூளை என்ற சொல் பத்தாம் பக்கத்தில்தான் முதன்முதலாக வருகிறது. தலைமையாசிரியருக்கு எழுதிக் கொடுக்கும் கடிதம் எந்தப் பக்கத்திலும் இல்லை. திட்டத்தின் உயிரே அந்தக் கடிதம்தான். அதை எனக்குச் சொன்னீர்கள். பணம் கொடுக்க வேண்டியவருக்குச் சொல்லவில்லை.

ஆங்கிலம் காரணம் இல்லை. இலக்கணப் பிழை உள்ள எத்தனையோ விண்ணப்பங்களுக்கு நிதி போயிருக்கிறது. பிழை திருத்த ஒரு கல்லூரி ஆசிரியர் போதும். காரணம் வேறு. உங்கள் விண்ணப்பத்தைப் படிக்கும் அதிகாரி பணம் கொடுப்பவர் அல்ல. அவர் அதை எடுத்துக்கொண்டு சி.எஸ்.ஆர். குழுவின் முன் போய் நிற்க வேண்டும். அங்கே நிதித் துறைத் தலைவர் ஒரு கேள்வி கேட்பார், சட்டப் பிரிவு ஒன்று கேட்கும், தொழிற்சாலை மேலாளர் ஒன்று கேட்பார். நீங்கள் அந்த அறையில் இருக்க மாட்டீர்கள். உங்களுக்காகப் பதில் சொல்லப் போவது அந்த அதிகாரிதான். அவருக்கு வேண்டிய பதில்களை எழுதிக் கொடுப்பதற்குத்தான் விண்ணப்பம். உங்கள் சேவை மனப்பான்மையை நிரூபிப்பதற்கு அல்ல. அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

அங்கே என்ன கேட்பார்கள் என்பதிலிருந்தே தொடங்குவோம்.

முதலில் சட்டம். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பிரிவு 135. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எதற்குச் செலவிடலாம் என்பது சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் இருக்கிறது. கல்வி அதில் உண்டு, ஆகவே உங்களுக்குச் சிக்கல் இல்லை. உங்கள் திட்டம் அட்டவணையின் எந்தத் தலைப்பில் வருகிறது என்பதை முதல் பக்கத்திலேயே ஒரு வரியில் எழுதிவிடுங்கள். கம்பெனி இயங்கும் இடத்துக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தொழிற்சாலை வைத்திருக்கும் கம்பெனிக்கு ஊத்துக்கோட்டை சுற்றுவட்டாரம்தான். ஆனால் நீங்கள் விண்ணப்பம் அனுப்பியவர்களின் பட்டியலைப் பார்த்தால், மும்பையில் தலைமையகம் வைத்து இந்தப் பக்கம் ஒரு கிடங்குகூட இல்லாத கம்பெனிகள்தான் அதிகம். பெரிய பெயர் என்பதால் அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் மையத்திலிருந்து எத்தனை கிலோமீட்டரில் தொழிற்சாலை இருக்கிறது என்பது கம்பெனியின் பெயரைவிடப் பெரிய விஷயம்.

யாருக்கு அனுப்புவது என்று கண்டுபிடிக்க யாருடைய தயவும் வேண்டாம். இந்தக் கடமை உள்ள கம்பெனிகள் தங்கள் சி.எஸ்.ஆர். கொள்கை, குழு உறுப்பினர்கள், ஒப்புதல் பெற்ற திட்டங்கள் ஆகியவற்றைத் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது விதி. சில கம்பெனிகளின் ஆண்டறிக்கைப் பின்னிணைப்பில் எந்த மாவட்டத்தில், எந்தத் திட்டத்துக்கு, எந்த நிறுவனத்தின் வழியாக, எவ்வளவு ரூபாய் என்று விவரமும் இருக்கும். திருவள்ளூர் மாவட்டத்தின் பெயர் வரும் ஆண்டறிக்கைகளை மட்டும் எடுங்கள். அவற்றில் கல்விக்குக் கொடுத்தவற்றைப் பிரியுங்கள். வழக்கமாக எவ்வளவு தொகை கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்த் திட்டங்களையே எடுக்கும் கம்பெனியிடம் 24 லட்சம் கேட்பதில் பயன் இல்லை. இந்த வேலைக்கு இரண்டு வாரம் பிடிக்கலாம். நாற்பது பேருக்கு ஒரே விண்ணப்பத்தை மின்னஞ்சலில் தள்ளிவிடுவதைவிட, இப்படிப் பொறுக்கியெடுத்த நான்கு பேருக்குத் தனித்தனியாக எழுதுவது மேல்.

காகிதங்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். 12ஏ, 80ஜி என்று எல்லோரும் சொல்லும் வருமான வரிப் பதிவுகள், தொண்டு நிறுவனங்களுக்கான நிதி ஆயோக்கின் தர்ப்பண் பதிவு, மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கைகள் எல்லாம் உங்களிடம் இருக்கின்றன. ஒன்று மட்டும் உங்கள் இணைப்புகளில் இல்லை: சி.எஸ்.ஆர்.-1 படிவம். 2021 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகளின் பணத்தைப் பெற்றுத் திட்டம் நடத்தும் நிறுவனங்கள் இந்தப் படிவத்தை நிரப்பிப் பதிவு எண் பெற்றிருக்க வேண்டும். உங்கள் ஆடிட்டர் சான்றளித்து இணையவழியே தாக்கல் செய்யலாம். அந்த எண் இல்லாத விண்ணப்பத்தைச் சட்டப் பிரிவு படிக்கவே படிக்காது. பதில் வராததற்கு இதுவே பாதிக் காரணமாக இருக்கலாம். இந்த வாரமே ஆடிட்டரைப் பாருங்கள். இதே போன்ற பணியில் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவமும் விதிப்படி வேண்டும். அது உங்களுக்குத் தாராளமாக உண்டு, ஆனால் ஆண்டுவாரியாக எங்கேயும் காட்டவில்லை. ‘பல ஆண்டுகளாக’ என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த ஆண்டு, எத்தனை மையம், எத்தனை பிள்ளை என்று ஒரு சிறு அட்டவணை போடுங்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

உங்கள் விண்ணப்பத்தின் தேவை பற்றிய பகுதி, இந்தியாவில் கல்வி அறிவின்மை, வறுமை, இடப்பெயர்வு என்று நாடு தழுவிப் பேசுகிறது. குழுவில் இருப்பவர்கள் இதையெல்லாம் செய்தித்தாளில் படித்துவிட்டார்கள். அவர்களுக்குத் தெரியாதது வேறு. நம் பள்ளி ஆண்டு ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. சூளை வேலை டிசம்பரில் தொடங்கி ஜூனில் முடிகிறது. அதாவது, அரையாண்டுத் தேர்வு நேரத்தில் பள்ளியிலிருந்து கிளம்பும் பிள்ளை, முழுஆண்டுத் தேர்வு எழுதாமல், அடுத்த வகுப்பு தொடங்கும்போது ஊர் போய்ச் சேர்கிறது. வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தாலும் பாடத்தில் பாதி ஆண்டு ஓட்டை. இரண்டு பருவம் இப்படிப் போனால் மூன்றாவது ஆண்டு அந்தப் பிள்ளையே வகுப்புக்குப் போக வெட்கப்பட்டு நின்றுவிடும். குடும்பம் முன்பணம் வாங்கியிருப்பதால் தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் பிள்ளைகளோடு ஊரில் தங்க முடியாது. செங்கல் அறுக்க இரண்டு பேர் கை வேண்டும். பிள்ளை ஏன் கூட வருகிறது என்பதற்கு விளக்கம் இதுதான். இதை எழுதுங்கள். முக்கால் பக்கம் போதும். படிக்கிறவருக்குச் சிக்கலின் அமைப்பு புரிந்துவிடும். புரிந்துவிட்டால் டிசம்பர் முதல் ஜூன் வரை ஒரு கற்றல் மையம் எதற்கு என்பதை நீங்கள் வாதாட வேண்டியதே இல்லை.

அடுத்து ஒருவர் நிச்சயம் கேட்பார்: ‘இது அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை அல்லவா?’ கோபப்படாதீர்கள், நியாயமான கேள்வி. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும். பள்ளிக்கு வராத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, சிறப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்கிறது. மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டி அடுத்த பள்ளி சேர்க்கையை மறுக்கவும் முடியாது. சமக்ர சிக்ஷா என்ற அரசின் பள்ளிக் கல்வித் திட்டத்தில் சிறப்புப் பயிற்சி மையங்களுக்கு வழியும் இருக்கிறது. ஆகவே அரசு ஒன்றும் செய்யவில்லை என்று எழுதினால் உண்மையும் ஆகாது, பலனும் இல்லை. எது இருக்கிறது, அது சூளைக்குள் வந்து சேர்வதற்குள் எங்கே அறுந்துபோகிறது, அந்த இடத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். ஒடியா பேசும் பிள்ளையைத் தமிழ் வகுப்பில் உட்கார வைத்தால் என்ன ஆகும், ஒரு சூளையிலிருந்து அருகிலுள்ள பள்ளிக்குப் போகும் வழியில் லாரிகள் எப்படி ஓடுகின்றன என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். வட்டாரக் கல்வி அலுவலரிடமிருந்து, உங்கள் மையங்கள் நடப்பதை அறிவதாக ஒரு கடிதம் வாங்கி இணைக்க முடிந்தால் அதன் மதிப்பே தனி.

உங்கள் திட்டத்துக்கே உரிய ஒரு சங்கடமும் இருக்கிறது. விண்ணப்பம் அதைத் தொடவே இல்லை. செங்கல் சூளை என்றதும் கம்பெனியின் சட்டப் பிரிவுக்கு முதலில் நினைவுக்கு வருவது குழந்தைத் தொழிலாளர், கொத்தடிமை முறை. முன்பணம் கொடுத்துக் குடும்பத்தையே பிடித்து வைப்பது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் குற்றமாகக்கூடும். ‘நாளைக்கு அந்தச் சூளையில் அதிகாரிகள் சோதனை நடத்தினால், சுவரில் நம் கம்பெனியின் பெயர்ப் பலகை இருக்குமே’ என்பதுதான் அவர்கள் பயம். மறைத்தால் பயம் கூடும். நேராக எழுதுங்கள்: மையம் சூளை உரிமையாளரின் சம்மதத்தோடு நடக்கிறதா, அவர் என்ன எழுதிக் கொடுத்திருக்கிறார், பிள்ளை ஒன்று வேலை செய்வதைக் கண்டால் உங்கள் ஆசிரியர் யாரிடம் சொல்வார், நீங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கோ 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ எப்போது தகவல் கொடுப்பீர்கள். உங்களிடம் குழந்தைகள் பாதுகாப்புக் கொள்கை எழுத்தில் இல்லையென்றால் உடனே எழுதி, அறங்காவலர் கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள். அப்படியே, 12 முதல் 19 வரையுள்ள பக்கங்களில் போட்டிருக்கும் பிள்ளைகளின் புகைப்படங்களையும் அவற்றின் கீழே உள்ள பெயர், ஊர் விவரங்களையும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அழுக்குச் சட்டையோடு அழும் குழந்தையின் படம் பணம் கொண்டுவரும் என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அந்தப் படங்களைப் பார்த்ததும் முதலில் தோன்றியது, பெற்றோரிடம் அனுமதி வாங்கினார்களா என்பதுதான்.

பலன் என்ன என்ற பகுதிக்கு வருவோம். ‘140 குழந்தைகளுக்கு முழுமையான கல்வி அளித்து அதிகாரமளிக்கப்படும், 100 சதவீதம் இடைநிற்றல் தடுக்கப்படும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நூறு சதவீதம் என்று யார் எழுதினாலும் நான் அந்தப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுவேன். பிப்ரவரியில் ஒரு மேஸ்திரி பத்துக் குடும்பங்களை வேறு சூளைக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டால் உங்கள் கணக்கில் இருபது பிள்ளைகள் காணாமல் போவார்கள் என்பது உங்களுக்கே தெரியும். குறைவாகச் சொல்லுங்கள், ஆனால் அளக்கக்கூடியதாகச் சொல்லுங்கள்.

அளப்பதற்குப் பெரிய ஆய்வு நிறுவனம் வேண்டாம். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் அசர் ஆய்வில் பயன்படுத்தும் வாசிப்புச் சோதனையை நீங்கள் அறிந்திருப்பீர்கள்: எழுத்து, சொல், முதல் வகுப்பு நிலையில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு நிலையில் ஒரு கதை. பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று சில நிமிடங்களில் தெரிந்துவிடும். தமிழிலும் கிடைக்கிறது, ஒடியாவிலும் கிடைக்கிறது. பிள்ளை வந்து சேர்ந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு முறை, கிளம்புவதற்கு முன் மே மாதத்தில் ஒரு முறை வைத்துப் பாருங்கள். பிறகு விண்ணப்பத்தில் இப்படி எழுதலாம்: ‘குறைந்தது மூன்று மாதம் மையத்துக்கு வந்த பிள்ளைகளில் பாதிப் பேராவது ஒரு படி மேலே போயிருப்பார்கள். ஊர் திரும்பிய பிள்ளைகளில் எத்தனை பேர் பள்ளியில் சேர்ந்தார்கள் என்பதை ஜூலை மாதத்தில் தலைமையாசிரியர்களைத் தொலைபேசியில் கேட்டு எண்ணிச் சொல்வோம்.’ பாதி என்பது என் ஊகம். உங்கள் பழைய பதிவேடுகளைப் பார்த்து உங்களுக்கு நம்பிக்கையுள்ள அளவைப் போடுங்கள். அந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான் நான் பெரிதாக மதிப்பேன். மாவட்டம் தாண்டி, மாநிலம் தாண்டிப் போன ஒரு பிள்ளையைத் தொலைபேசியில் துரத்திப் பிடித்துப் பள்ளியில் சேர்ந்ததா என்று கேட்கும் அமைப்புகள் அதிகம் இல்லை. நீங்கள் ஏற்கெனவே பாதி செய்துகொண்டிருக்கிறீர்கள்.

பட்ஜெட். 24,50,000 ரூபாய் கேட்டிருக்கிறீர்கள். 140 பிள்ளைகளால் வகுத்தால் ஒருவருக்கு 17,500 ரூபாய். நிதித் துறைக்காரர் உங்கள் விண்ணப்பத்தைத் திறந்ததும் முதலில் போடும் கணக்கு இதுதான். அவர் போடுவதற்கு முன்னால் நீங்களே போட்டு, அந்தத் தொகைக்குள் என்னென்ன அடங்குகிறது என்று சொல்லிவிடுங்கள்.

‘இதர செலவுகள்: 3,50,000’ என்று ஒரு வரி இருக்கிறது. மொத்தத்தில் ஏழில் ஒரு பங்கு. அந்த ஒரு வரிக்காகவே விண்ணப்பத்தை மூடி வைப்பவர்கள் உண்டு. இன்னொரு பக்கம், பத்து ஆசிரியர்களுக்கு மாதம் 6,000 ரூபாய் வீதம் ஏழு மாதத்துக்கு 4,20,000 என்று போட்டிருக்கிறீர்கள். சிக்கனமாகத் தெரிய வேண்டும் என்று நினைத்திருப்பீர்கள். தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருக்கும்போது 6,000 ரூபாய்க்கு ஒருவர் பருவம் முழுவதும் தங்க மாட்டார் என்பது தொழிற்சாலை மேலாளருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். அவர்தான் அந்த ஆட்களை வேலைக்கு எடுக்கிறவர். மாதம் 10,000 ஆக்குங்கள். 7,00,000 வரும், கூடுதல் 2,80,000. அதை ‘இதர’ என்ற வரியிலிருந்து எடுத்துவிட்டால் அங்கே மீதி 70,000. அதில் பகுதிநேரக் கணக்கருக்கு மாதம் 5,000 வீதம் 60,000, சோதனைத் தாள் அச்சிட 10,000. மொத்தத் தொகை ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. ‘இதர’ என்ற வரி மட்டும் போய்விட்டது. கணக்கரின் சம்பளத்தைச் சேர்க்கச் சொல்வது ஆடம்பரத்துக்காக அல்ல. கொடுத்த பணம் ஒப்புக்கொண்ட நோக்கத்துக்கே செலவானது என்று கம்பெனியின் தலைமை நிதி அதிகாரி சான்றளிக்க வேண்டும் என்பது சி.எஸ்.ஆர். விதி. அவர் கையெழுத்துப் போட உங்கள் வவுச்சர்கள் வேண்டும். காலாண்டுக் கணக்கைத் தாமதமாகக் கொடுத்தே இரண்டாவது தவணையை இழந்த நல்ல அமைப்புகளை எனக்குத் தெரியும்.

இதோடு உங்கள் 5 சதவீதக் கேள்வியும் சேர்ந்தது. அந்த வரம்பு உங்களுக்கானது அல்ல. கம்பெனி தன் சி.எஸ்.ஆர். பிரிவை நடத்த ஆகும் பொது நிர்வாகச் செலவு, அதன் மொத்த சி.எஸ்.ஆர். செலவில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதுதான் விதி. திட்டத்தை நடத்தவும் கண்காணிக்கவும் நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்பதை மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் 2021இல் வெளியிட்ட விளக்கங்களில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனாலும் பல கம்பெனிகள் இந்த 5 சதவீதத்தைத் தொண்டு நிறுவனங்களின் தலையில் ஏற்றுவது நடக்கிறது. சில அறியாமல், சில அறிந்தே. சண்டை போட வேண்டாம். ஒருங்கிணைப்பாளர் சம்பளம், பயணம், கணக்கர் என்று ஒவ்வொன்றையும் இந்தத் திட்டத்துக்கு எத்தனை மாதம், எவ்வளவு நேரம் என்று காட்டித் திட்டச் செலவாகவே எழுதுங்கள். உண்மையும் அதுதான்.

வேன் வாங்க 6,00,000 கேட்டிருப்பது தேவையா என்று யோசியுங்கள். சி.எஸ்.ஆர். பணத்தில் உருவாகும் சொத்து யார் பெயரில் இருக்கலாம் என்பதற்கே தனி விதி இருக்கிறது. உங்களைப் போன்ற பதிவு பெற்ற அறக்கட்டளை வைத்துக்கொள்ளலாம் என்றாலும், முதல் விண்ணப்பத்திலேயே வாகனம் கேட்பது நல்ல அறிமுகம் அல்ல. பருவத்துக்கு மட்டும் வாடகைக்கு எடுத்தால் செலவும் குறையும், ஒரு பிள்ளைக்கான தொகையும் இறங்கும்.

காலத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்களுக்கு மிகவும் உதவப் போவது இதுதான் என்று நினைக்கிறேன். கம்பெனியின் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. உங்கள் பருவம் அதன் நடுவே குறுக்கே கிடக்கிறது. ஓராண்டுத் திட்டம் என்று நீங்கள் எழுதியதால், டிசம்பரில் தொடங்கி மார்ச்சுக்குள் 24 லட்சத்தைச் செலவழிக்க வேண்டிய திட்டமாக அது அவர்கள் கண்ணில் படும். முடியாத காரியம். சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது: ‘தொடர் திட்டம்’ என்று இயக்குநர் குழு வகைப்படுத்தினால், தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக மூன்று ஆண்டுகள் வரை நடத்தலாம். மார்ச் இறுதியில் மீதமிருக்கும் தொகையை 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றிவிட்டு, அதிலிருந்து செலவைத் தொடரலாம். ஆகவே இரண்டு பருவங்களுக்கான திட்டமாக எழுதுங்கள். முதல் பருவம், இரண்டாம் பருவம், ஒவ்வொன்றும் எந்தெந்த நிதியாண்டில் எவ்வளவு என்று பிரித்துக் காட்டுங்கள். அந்த அதிகாரி உங்களுக்கு மனதுக்குள் நன்றி சொல்வார்.

எப்போது அனுப்புவது? பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சில கம்பெனிகள் செலவாகாத பணத்தை வைத்துக்கொண்டு அவசரமாகத் தேடும். அப்போது கிடைப்பது பெரும்பாலும் கணினி, பெஞ்சு, பை வாங்கிக் கொடுக்கும் ஒருநாள் திட்டங்கள். ஆசிரியர் சம்பளத்துக்கு உதவாது. வேண்டாம் என்று சொல்லச் சொல்லவில்லை, அதையே நம்பி இருக்க வேண்டாம். அடுத்த ஆண்டுக்கான செயல்திட்டத்தை சி.எஸ்.ஆர். குழு தயாரித்து இயக்குநர் குழுவின் ஒப்புதலுக்கு அனுப்பும் காலம் நிதியாண்டின் தொடக்கத்தை ஒட்டி வரும். ஜனவரியில் பிள்ளைகள் உங்கள் மையங்களில் இருப்பார்கள். அப்போதே அதிகாரியை நேரில் வந்து பார்க்கக் கூப்பிடுங்கள். விண்ணப்பம் மார்ச்சில் அவர் மேசையில் இருக்கட்டும். பணம் டிசம்பருக்கு வரும். ஜூலையில் அழைத்தால் அவர் காலி மைதானத்தைத்தான் பார்ப்பார். அவர் வரும் நாளில் வரவேற்பு நடனம், பொன்னாடை ஒன்றும் வேண்டாம். வழக்கமான வகுப்பு நடக்கட்டும். வருகைப் பதிவேடும் சோதனைத் தாள்களும் மேசை மேல் இருக்கட்டும்.

10 சதவீதம் கேட்பவரைப் பற்றி. கொடுக்காதீர்கள். தகுதியில்லாதவர் என்பதால் அல்ல, அவர் நன்றாகவே எழுதுகிறவராக இருக்கலாம். 24,50,000இல் 10 சதவீதம் 2,45,000 ரூபாய். அதை எந்தத் தலைப்பில் எழுதுவீர்கள்? கம்பெனிக்குக் கொடுக்கும் பட்ஜெட்டில் ‘எழுதிக் கொடுத்தவர் பங்கு’ என்று போட முடியாது. போடாமல் கொடுத்தால் ஏதோ ஒரு பொய் வவுச்சர் எழுதித்தான் ஆக வேண்டும். நிதி அதிகாரி சான்றளிக்கும் கணக்கில் அந்த வவுச்சர் போய் உட்காரும். அமெரிக்காவின் நிதி திரட்டுவோர் சங்கமான அசோசியேஷன் ஆஃப் ஃபண்ட்ரெய்சிங் புரொஃபஷனல்ஸ் தன் நெறிமுறையிலேயே சதவீத அடிப்படையில் ஊதியம் பெறுவதைத் தடை செய்திருக்கிறது. எழுத உதவி வேண்டுமென்றால் இத்தனை நாள் வேலைக்கு இவ்வளவு என்று பேசி, நிதி வந்தாலும் வராவிட்டாலும் உங்கள் பொது நிதியிலிருந்து ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள். உங்களுக்கு அதுகூடத் தேவைப்படாது என்பது என் கருத்து.

வெளிநாட்டு நிதிக் கேள்விக்குப் பதில் சிறியது: முடியாது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு 2020இல் வந்த திருத்தம், ஒரு நிறுவனம் பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுப்பதை முழுவதுமாகத் தடை செய்துவிட்டது. வாங்குகிறவரிடம் வெளிநாட்டு நிதி பெறுவதற்கான பதிவு இருந்தாலும் கொடுக்க முடியாது. அந்தப் பெரிய நிறுவனம் தானே நேரடியாக உங்கள் பகுதியில் செலவு செய்யலாம். உங்கள் கணக்குக்குப் பணம் வர முடியாது. ‘வேறு விதமாகச் சரிக்கட்டிக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் விலகி நில்லுங்கள். நீங்களே பதிவு வாங்கலாம். அதற்கு மூன்று ஆண்டு அனுபவத்தோடு, கடந்த மூன்று நிதியாண்டுகளில் மொத்தம் 15 லட்சம் ரூபாயாவது நோக்கப் பணிகளுக்குச் செலவு செய்திருக்க வேண்டும். இரண்டு பருவம் சி.எஸ்.ஆர். நிதியில் நடத்தி முடித்த பிறகு அதை யோசிக்கலாம், இப்போது அவசரம் இல்லை.

புதிய விண்ணப்பம் பன்னிரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். முதல் பக்கத்தில் எனக்கு எழுதிய கடிதத்தைக் கொஞ்சம் இறுக்கி வையுங்கள். எவ்வளவு பணம், எத்தனை பருவம், எத்தனை பிள்ளைகள் என்பது அதிலேயே வந்துவிட வேண்டும். நிறுவனர் வரலாறு கடைசியில் அரைப் பக்கம். முதல் வரைவைத் தமிழிலேயே எழுதி, மையத்தில் பாடம் நடத்தும் இரண்டு ஆசிரியர்களிடம் படிக்கக் கொடுங்கள். ‘இப்படியெல்லாம் நடக்கவில்லையே’ என்று அவர்கள் சொல்லும் வரிகளை அடித்துவிட்டு, பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். மாற்றியதை எனக்கு அனுப்பினால் பார்த்துத் தருகிறேன். பட்ஜெட்டை மட்டும் பி.டி.எஃப். ஆக்காமல் எக்செல் கோப்பாகவே அனுப்புங்கள். கூட்டலை நான் ஒரு முறை சரிபார்க்க வேண்டும்.